எலன் டெர்ரியின் கடிதங்களைக் காதல் கதையாகப் படிக்காதீர்கள்

இங்கிலாந்து நாடக நடிகை எலன் டெர்ரி என்று பேச்செடுத்தால் போதும், "பெர்னார்ட் ஷாவோடு காதல் கடிதம் எழுதிக்கொண்டாரே, அந்த அம்மாதானே?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். 1856ல், ஒன்பது வயதில், சார்லஸ் கீன் என்ற நடிகர் போட்ட நாடகத்தில் குட்டி இளவரசன் வேஷம் கட்டி மேடையேறியவர். 1878ல் நடிகர் ஹென்றி இர்விங் லண்டன் லைசியம் தியேட்டரைக் கையில் எடுத்ததும் அங்கே ஹாம்லெட் நாடகத்து ஒஃபீலியாவாக வந்து, இருபது வருஷத்துக்கு மேல் அவருக்கு ஜோடியாக நடித்தவர். இத்தனையும் இருக்க, ஊருக்கு ஞாபகம் இருப்பது ஷா என்ற தாடிக்கார நாடக ஆசிரியரோடு நடந்த கடிதப் போக்குவரத்து மட்டும்.

சரி, அந்தக் கடிதங்களையாவது ஒழுங்காகப் படித்தோமா? கொஞ்சலும் குலவலும் இருக்கத்தான் செய்கின்றன, இரண்டு பக்கமும் தாராளமாகவே. ஆனால் அந்தச் சர்க்கரையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நிறைய இடங்களில் நடப்பது தொழில் பேச்சு. ஆரம்பமே அப்படித்தான். 1892ல், தனக்கு வேண்டிய ஒரு இளம் பாடகருக்காக டெர்ரி ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதுகிறார். அங்கே இசை விமர்சகராக இருந்த ஷா பதில் போடுகிறார். அப்புறம் நடுவில் ஒரு இடைவெளி. 1895க்குப் பிறகுதான் கடிதங்கள் குவிகின்றன.

என்னைக் கேட்டால், மொத்தத் தொகுப்பின் உச்சம் 1896 செப்டம்பர். லைசியத்தில் ஷேக்ஸ்பியரின் சிம்பலைன் அரங்கேறப்போகிறது. இளவரசி இமோஜன் வேஷம் டெர்ரிக்கு. அவருக்கு அப்போது வயது 49. நாலாவது அங்கத்தில் இமோஜன் மயக்கம் தெளிந்து எழுகிறாள். பக்கத்தில் பூக்கள் தூவிய ஒரு பிணம், தலை இல்லை, உடுப்போ கணவனுடையது. கணவன்தான் செத்துக் கிடக்கிறான் என்று நம்பிக் கதறுகிறாள். உள்ளே கிடப்பது வேறொருவன் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும். நடிப்பவருக்கு இது பொல்லாத இடம். ஒரு பிசகு விழுந்தால் சபை சிரித்துவிடும். ஷா இந்தக் காட்சியைப் பிரித்துப் போட்டு எழுதுகிறார்: உடல் எப்போது கண்ணில் பட வேண்டும், தலை இல்லை என்பது எந்த நொடியில் உறைக்க வேண்டும், எந்த வரியை வெட்டினால் அதிர்ச்சி கூடும். டெர்ரி சிலதை எடுத்துக்கொள்கிறார், சிலதற்கு மறுத்துப் பேசுகிறார். பாடமும் ஒத்திகையுமாக மண்டை காய்ந்து கிடக்கும் ஒருவர் எழுதியவை அந்தப் பதில்கள். வாக்கியம் பாதியில் நிற்கும், கோடு கோடாக இழுத்திருப்பார், சொல்லுக்குச் சொல் அடிக்கோடு வேறு. ஷா எழுதியவை எப்போது வேண்டுமானாலும் அச்சுக்குப் போகலாம் போல இருக்கும். எனக்கு டெர்ரி எழுதியவைதான் உயர்த்தி. படிக்கிறவனை மயக்கவேண்டும் என்ற நினைப்பு அவரிடம் குறைவு. (நாடகம் வந்ததும் ஷா விமர்சனத்தில் சிம்பலைனைக் குப்பை என்று கிழித்தார். அந்தக் குப்பைக்குத்தான் அத்தனை பக்கம் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்.)

இன்னொன்று. இர்விங்தான் லைசியத்தின் ராஜபார்ட், முதலாளி, எல்லாம். புது நாடகம் எதையும் தொடமாட்டார், டெர்ரியின் திறமையை வீணடிக்கிறார் என்பது ஷாவின் ஓயாத புகார். தன்னுடைய ஓரங்க நாடகம் ஒன்றை, நெப்போலியன் கதை, இர்விங் தலையில் கட்டவும் பார்த்தார். 1896 டிசம்பரில் லைசியத்தில் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் அரங்கேறியது. ஷா எழுதிய விமர்சனம் 'இர்விங் குடித்துவிட்டு நடித்தார்' என்று ஜாடை காட்டுவதாக ஊர் எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் அந்த நெப்போலியன் நாடகம் ஷாவிடமே திரும்பி வந்தது. பகலெல்லாம் இர்விங்கோடு ஒத்திகை, ஓய்ந்த நேரத்தில் அவரைத் திட்டுகிறவருக்குக் கடிதம் என்று நடுவில் மாட்டியவர் டெர்ரி. ஹென்றியைத் தொந்தரவு செய்தால் நம் நட்பு முடிந்தது என்று ஷாவுக்கு நேராகவே எழுதிவிட்டார். இதையும் காதல் கடிதக் கணக்கில்தான் சேர்ப்பீர்களா? ஷா வேறு, பணக்கார ஐரிஷ் பெண் ஒருத்தியைப் பற்றி டெர்ரியிடமே அளந்துகொண்டிருந்தார். 1898ல் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார்.

இர்விங்கின் கடிதங்களுக்கு வேறு கதை. டிராகுலா எழுதிய ப்ராம் ஸ்டோக்கர்தான் அவருடைய மேலாளர். இர்விங் பெயரில் போன கடிதங்களில் ஏராளமானவை ஸ்டோக்கர் கைவண்ணம். மரியாதையான, வழவழப்பான கடிதங்கள். இர்விங் எப்படி யோசித்தார் என்பதை அவற்றில் தேடினால் ஏமாற்றம்தான்.

1899ல் ஷா டெர்ரிக்கென்றே ஒரு நாடகம் எழுதி அனுப்பினார், கேப்டன் பிராஸ்பவுண்ட். இது எனக்கு ஒத்துவராது என்பதுதான் டெர்ரியின் முதல் பதில். தனக்காக எழுதியது என்று தெரிந்தும் அப்படிச் சொல்ல ஒரு தெம்பு வேண்டும். பிறகு 1906ல் அதில் நடித்தார்.

டெர்ரி 1928ல் இறந்தார். கடிதங்கள் 1931ல் புத்தகமாக வந்தபோது மகன் கோர்டன் கிரெய்க் கொதித்துப்போனார். அம்மாவின் அந்தரங்கத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று பதிலுக்கு ஒரு புத்தகமே எழுதினார். மகள் ஈடித் வெளியிடும் பக்கம் நின்றார். நான் மகள் கட்சி. டெர்ரியின் இமோஜனை முழு நாடகமாகச் சினிமாவில் பிடித்து வைக்க அன்று வழியில்லை. அந்த வேஷத்தை அவர் யோசித்த விதம் இந்தக் கடிதங்களில்தான் கிடைக்கிறது. மகனுடைய கோபத்திலும் ஒரு நியாயம் உண்டு: முன்னுரை எழுதும் வாய்ப்பு ஷாவுக்குக் கிடைத்தது, டெர்ரிக்குக் கிடைக்கவில்லை. மனிதகுலம் நிலைத்த அன்பைக் கண்டதே காகிதத்தில்தான் என்று அதில் ஷா அழகாக முடிக்கிறார். அழகுதான். காதல் முத்திரை அழுத்தமாக விழுந்ததற்கு அந்த வரிக்கும் பங்கு உண்டு என்பது என் சந்தேகம்.

படிக்க நினைப்பவர்கள் முன்னுரையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு 1896 செப்டம்பரில் ஆரம்பியுங்கள். கூடவே டெர்ரியின் ஷேக்ஸ்பியர் சொற்பொழிவுகளையும் வைத்துக்கொள்ளலாம், 1932ல் அச்சானவை. நான்கில் ஒன்று முழுக்க ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் கடிதங்களைப் பற்றியது. லேடி மாக்பெத் மேடைக்கு வருவதே கணவன் கடிதத்தைப் படித்தபடிதான், அந்த வேஷத்தை டெர்ரி 1888ல் கட்டியவர்.