விமான நிலைய மண்ணுக்குள் கிடந்த கடற்பறவை

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனையைச் சாய்த்துத் தாமான் (குடியிருப்பு) எழுப்புகிறார்கள், சுண்ணாம்புக் குன்றுகளில் கல் உடைக்கிறார்கள். மண் தோண்டும் பேக்கோ இயந்திரம் ஓயாமல் ஓடுகிறது. மண்ணைக் கிளறும்போது யாராவது குனிந்து பார்க்கிறார்களா? என்னை இப்படிக் கேட்க வைத்தது ஒரு கடற்பறவை.

1983. அமெரிக்காவின் தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் விமான நிலையத்துக்குப் புதுக் கட்டடம் கட்டத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அருங்காட்சியகத் தன்னார்வலர் ஒருவர் கண்ணில் எலும்பு பட்டது. அங்கும் பேக்கோ வைத்துத்தான் வெளியே எடுத்தார்கள், அவ்வளவு பெரிசு. மண்டையோடு, சிறகு, கால் எலும்புகள். அப்புறம் பல வருஷம் அருங்காட்சியக அலமாரியில் கிடந்தது. 2014இல்தான் தொல்லுயிர் ஆய்வாளர் டேனியல் செப்கா அதை ஆராய்ந்து 'பெலகோர்னிஸ் சாண்டர்சி' என்று பெயரிட்டார். தோண்டி எடுத்த குழுவை நடத்திய ஆல்பர்ட் சாண்டர்சைக் கௌரவித்து வைத்த பெயர்.

சிறகு விரிப்பு சுமார் 6.4 மீட்டர். இரண்டு சின்னக் கஞ்சில் காரை ஒன்றின்பின் ஒன்றாக நிறுத்தினால் கிட்டத்தட்ட அந்த நீளம். இன்றைய பெரிய கடற்பறவையான அல்பட்ராசின் சிறகு 3.5 மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். இந்த எலும்பின் வயது இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல்.

அதன் வாயைப் பாருங்கள். அலகின் ஓரம் முழுக்கப் பல் மாதிரி கூர்கள், பெரிய கூர்களுக்கு நடுவே சின்னச் சின்னதாக. ஆனால் வேரும் இல்லை, எனாமலும் இல்லை. தாடை எலும்பே முள்ளாக வளர்ந்திருக்கிறது. வழுக்கும் மீனையும் கணவாயையும் பிடிக்க உதவியிருக்கும் என்கிறார்கள். இந்தப் பொய்ப்பல் பறவைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலை ஆண்டு, ஏறக்குறைய 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் மறைந்தன.

இவ்வளவு காலம் வாழ்ந்தும் மிச்சம் ஏன் இவ்வளவு குறைவு? பறவை எலும்பு உள்ளே பொள்ளல், சுவரோ மெல்லிசு. படிந்த மண்ணின் பாரத்தில் நசுங்கிவிடும். தப்பியதும் மனிதர் கையில் தப்ப வேண்டும். அண்டார்டிகாவின் சீமோர் தீவில் 1980களில் எடுத்த கால் எலும்பும் தாடைத் துண்டும் கலிபோர்னியாவில் பெட்டிக்குள் இருந்தன. 2020இல் ஆராய்ச்சி வெளிவந்த பிறகுதான், 5 முதல் 6 மீட்டர் சிறகு கொண்ட பறவைகள் அங்கே பறந்தது தெரிந்தது. பழைய பெட்டிகளை இடத்தை அடைக்கும் குப்பை என்று பேசுபவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது.

சரி, சுங்கை சிப்புட்டில் இந்தப் பறவை கிடைக்குமா? கிடைக்காது. நம் குன்றுகள் பறவை இனமே தோன்றாத காலத்துக் கடலடிப் பாறை. ஆனால் இப்படிப்பட்ட குகைகளின் இடுக்கு மண்ணில் பிற்கால விலங்குகளின் பல்லும் எலும்பும் தங்கும். 2014இல் மலாயாப் பல்கலைக்கழகம் பகாங்கில் டைனோசர் பல் கிடைத்ததை அறிவித்தபோது, யாரும் போய்ச் சுரண்டிவிடாமல் இருக்க இடத்தைச் சொல்லாமல் காத்தது. நம் நாட்டு மண்ணிலும் இருக்கிறது, ஐயா.

கல் உடைக்கும் இடத்தில், பேக்கோவில் வேலை செய்யும் தம்பிகளே, வினோதமான பல்லோ எலும்போ தெரிந்தால் பெயர்க்காதீர்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், பல்கலைக்கழக நிலவியல் துறைக்கு அனுப்புங்கள். எப்படி அனுப்புவது என்று குழப்பமாக இருந்தால் எனக்கு உள்பெட்டியில் போடுங்கள், நான் எழுதித் தருகிறேன்.