பெட்டி கேன்டர்-ஜாக்சனின் டேப்புகள்
அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அவர்களின் 1977 மே 8 கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரிதான் உச்சம் என்கிறார் கட்டுரையாளர். சரி, இருக்கட்டும். ஆனால் அந்தக் கச்சேரியைப் பதிவு செய்த ஒலிப்பொறியாளர் பெட்டி (Betty) கேன்டர்-ஜாக்சனைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே! வாடகை பாக்கியால் 1986-இல் கிடங்கிலிருந்து ஏலத்துக்குப் போனவை அந்த அம்மாவின் டேப்புகள். ஹெட்போனில் கேளுங்கள், 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' பாட்டு எங்கே முடிந்தது என்று பிடிபடுவதற்குள் 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' ஓடிக்கொண்டிருக்கும். எனக்கென்னவோ, கூட்டத்துக்குள் மைக் நட்டு ரசிகர்களே எடுத்த பதிவுகள்தான் இன்னும் பிடிக்கும். குழுவின் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா சுருதி சேர்க்கும்போது பக்கத்தில் யாரோ இருமுவதுகூடக் காதில் விழும். அப்படிப் பதிவு செய்யும் ரசிகர்களை விரட்டாமல், 1984-இல் அவர்களுக்கென்றே ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கிக் கொடுத்த குழு அது.