மைக்கை அவர்களிடம் கொடுங்கள்

இளைஞர்களுக்காகவே நடத்துகிறோம் என்று மார்தட்டும் பண்பலை நிலையங்களைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. காலையில் ராசிபலன், பிறகு சினிமாப் பாட்டு, நடுநடுவே நகைக்கடை விளம்பரம், யாரோ ஓர் அப்பாவியைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேலி செய்யும் நிகழ்ச்சி, மறுபடியும் சினிமாப் பாட்டு. பேசுகிறவர்களுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். ஆனால் இருபத்தைந்து வயதில் ஒருவர் டீக்கடையில் நண்பர்களோடு எதைப் பற்றிப் பேசுவாரோ, அது மட்டும் காற்றில் ஏறுவதே இல்லை.

அக்கா மகன் மெல்போர்னில் இருக்கிறான். அவன் தயவில் ட்ரிபிள் ஜே என்ற ஆஸ்திரேலிய இளைஞர் வானொலியை இணையத்தில் கேட்டு வருகிறேன். அதில் வரும் பாட்டில் பாதி எனக்கு ஒட்டவில்லை, அது வேறு விஷயம். 2025 ஜனவரியில் அந்த நிலையத்துக்கு 50 வயது நிறைந்தது. அதையொட்டி அதன் கதையைத் தேடிப் படித்தபோதுதான், நாம் எங்கே கோட்டை விட்டோம் என்பது எனக்குப் புரிந்தது.

1975 ஜனவரி 19, காலை 11 மணிக்கு சிட்னியில் ‘டபிள் ஜே’ என்ற பெயரில் அது தொடங்கியது. நடத்தியது தனியார் முதலாளி அல்ல, மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசி. முதல் பாட்டாக அவர்கள் ஒலிபரப்பியது, வணிக நிலையங்கள் ஆபாசம் என்று ஒதுக்கிவைத்திருந்த ஓர் உள்நாட்டுக் குழுவின் பாட்டு. முதலில் மைக் முன்னால் அமர்ந்தவர் ஹோல்கர் ப்ராக்மன். அதற்கு முன் அவர் வேலை பார்த்த வணிக நிலையத்தில் அந்தப் பெயர் அந்நியமாக ஒலிக்கிறது என்று வேறு பெயரில்தான் பேசவிட்டார்களாம். இங்கே சொந்தப் பெயரைச் சொல்லிப் பேசினார். ஒதுக்கிவைத்த பாட்டும் ஒளித்துவைத்த பெயரும் ஒரே காலையில் வெளியே வந்துவிட்டன.

அதே 1975இல் நம் நாட்டில் என்ன நடந்தது? ஜூன் மாதம் நெருக்கடி நிலை வந்தது. அடுத்த ஆண்டு, ஆளுங்கட்சி விழாவில் பாட மறுத்தார் என்பதற்காகக் கிஷோர் குமாரின் பாட்டுகளையே அகில இந்திய வானொலியில் நிறுத்திவைத்தார்கள். அங்கே அரசு வானொலி தடைபட்ட பாட்டைத் தேடிப் போட்டது. இங்கே அரசு வானொலி, நாடே பாடிக்கொண்டிருந்த பாட்டைத் தடுத்தது.

இதில் வருத்தம் என்னவென்றால், இளைஞர் வானொலி என்ற யோசனையில் நாம்தான் முந்திக்கொண்டோம். அகில இந்திய வானொலியின் இளைஞர் ஒலிபரப்பான யுவவாணி டெல்லியில் தொடங்கியது 1969 ஜூலை 21 அன்று. டபிள் ஜேவுக்கு ஐந்தரை ஆண்டு மூத்தது. தமிழில் அது ‘இளைய பாரதம்’ ஆயிற்று. மாணவர்கள் கவிதை வாசிக்கலாம், உரையாடலாம், நாடகம் போடலாம். கைக்குக் கொஞ்சம் சன்மானமும் உண்டு. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமே அல்ல. பின்னாளில் பெயர் வாங்கிய எத்தனையோ பேருக்கு முதல் மேடை அதுதான். ஆனால் பேசப்போவதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், அது பார்வையிடப்பட வேண்டும், ஒலிபரப்பு விதிகளுக்கு அடங்க வேண்டும். இருபது வயதுக் குரலில் ஐம்பது வயதுப் பேச்சு வருவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது.

குடியாத்தத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தியின் குரல் ஒருநாள் வானொலியில் வந்தது. கைலித் தறிகள் ஓடும் தெரு அது. நாடா அடிக்கும் சத்தத்தில் வானொலி கேட்காது என்பதால் அன்றைக்கு எல்லாத் தறிகளையும் நிறுத்திவிட்டார்கள். பாவு முடியாத கோபத்தில் இருந்த தறிக்காரர்கூட மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, விரலில் ஒட்டிய கஞ்சியைச் சுரண்டியபடி உட்கார்ந்திருந்தார். அவள் விடியல் என்றாள், பாரதம் என்றாள், புதுயுகம் என்றாள். அழகாகத்தான் வாசித்தாள். பெருமையாகவும் இருந்தது. ஆனால் தறியைப் பற்றியோ, கூலியைப் பற்றியோ, படிப்பை நிறுத்தச் சொல்லி அவள் வீட்டில் நடந்துகொண்டிருந்த சண்டையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அவளுக்கு அவற்றைச் சொல்லத் தெரியாமல் இல்லை. குழாயடியில் நின்று அவள் பேசினால் தெருவே வாய் பிளந்து கேட்கும்.

இலங்கை வானொலியின் மீது அந்தத் தலைமுறைக்கு இருந்த மோகத்துக்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் நடத்தியது இளைஞர் நிலையம் அல்ல. ஆனால் நம்மைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்ற உணர்வு இருந்தது. கரகரப்புக்கு நடுவே முள்ளைத் திருகித் திருகிக் கேட்டோம்.

மறுபடியும் ட்ரிபிள் ஜேவுக்கு வருகிறேன் (1980இல் பண்பலைக்கு மாறியபோது வந்த பெயர் இது). 1990இல் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். காவல்துறையைக் கடுமையாகத் தாக்கும் ஓர் அமெரிக்கக் குழுவின் பாட்டை மாதக்கணக்கில் ஒலிபரப்பி வந்தார்கள். அரசியல்வாதி ஒருவர் கிளப்பிய எதிர்ப்பில் ஏபிசி நிர்வாகம் அதற்குத் தடை போட்டது. ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். போவதற்கு முன், அதே குழுவின் இன்னொரு பாட்டை, மனதில் பட்டதைப் பேசும் உரிமையைப் பற்றியதை, திரும்பத் திரும்ப ஓடவிட்டுவிட்டுப் போனார்கள். நாள் முழுக்க அதே பாட்டு! அந்தப் பாட்டின் வசவுகளை நான் ஆதரிக்கவில்லை. என் வீட்டுக் கூடத்தில் அது ஒலித்தால் நானே அணைத்துவிடுவேன். ஆனால் தன் நிர்வாகத்தோடு சண்டை போடும் துணிச்சல் உள்ள ஓர் அரசு வானொலி என்பது எனக்குக் கனவு மாதிரி இருக்கிறது.

இன்னொன்று, 1995இல் தொடங்கிய ‘அன்எர்த்ட்’ என்ற தேடல். பெரிய நகரங்களை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய், யாருக்கும் தெரியாத இசைக்குழுக்களைக் கண்டெடுப்பது. முதலில் வென்ற கிரின்ஸ்பூன் குழு, லிஸ்மோர் என்ற சிறிய ஊரிலிருந்து வந்தது. நம் வட ஆற்காட்டுப் பக்கம் கூத்துக் கட்டுகிற பையன்களும், பறை அடிக்கிறவர்களும், ஆம்பூரில் உருதுக் கவிதை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எந்த நிலையம் இவர்களைத் தேடிப் போயிற்று?

“விதிகள் அப்படி, தனியார் பண்பலை செய்தி சொல்லக் கூடாதே” என்பார்கள். உண்மைதான், அகில இந்திய வானொலியின் செய்தியை எடுத்து ஒலிபரப்பலாமே தவிர, சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை. அது மடத்தனமான விதி என்பதே என் கருத்து. ஆனால் குடிநீர், மின்சாரம், தேர்வு, கல்லூரிச் சேர்க்கை போன்ற தகவல்கள் செய்திக் கணக்கில் வராது என்று தனியார் பண்பலைக்கான மூன்றாம் கட்ட உரிம விதிகளிலேயே சொல்லியிருக்கிறார்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்ததே வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடமாக நடத்துகிறார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச ஓர் அலைவரிசை கிடைக்கவில்லை.

கைப்பேசி இருக்கிறதே, யூடியூப் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். காட்பாடியில் பஸ்ஸுக்கு நிற்கும் செவிலியர் கல்லூரி மாணவியும், ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் வேலை முடிந்து திரும்பும் பெண்ணும் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்பது யூடியூபில் நடக்காது.

பெரிய முதலீடும் வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி 1 அன்று நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியை, அதாவது லாப நோக்கமின்றிச் சுற்றுவட்டார மக்களுக்காக நடத்தும் சிறு வானொலியை, தொடங்கி வழிகாட்டிவிட்டது. 50 வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்று போதும், ஒரு நகரத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் எட்டிவிடலாம். 2024இல் சமுதாய வானொலிகளுக்கான விளம்பர நேரத்தை மணிக்கு 12 நிமிடமாக உயர்த்தியிருக்கிறார்கள். ஆகவே பணமில்லை என்ற சாக்கும் முன்புபோல் எடுபடாது.

வேலூர் மாவட்டக் கல்லூரிகளில் வானொலி நடத்துகிறவர்களிடமும் நடத்த நினைப்பவர்களிடமும் நான் கேட்பது இரண்டே இரண்டு. இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மாணவர்கள் கையில் விட்டுவிடுங்கள். எழுதிக் கொடு, திருத்தித் தருகிறேன் என்று எந்தப் பேராசிரியரும் அந்த அறைக்குள் நுழையக் கூடாது. வாரத்தில் ஒருநாள் கல்லூரி வாசலையே மிதிக்காத இளைஞர்களை, தறியிலும் பீடிக் கூடையிலும் தோல் கிடங்கிலும் வேலை செய்கிறவர்களை, அழைத்துப் பேசவிடுங்கள். குடியாத்தம் பக்கம் ஆள் வேண்டுமென்றால் எனக்குச் சொல்லுங்கள், நானே கூட்டிவருகிறேன்.