வாடகைக்கு ஆகிற சம்பளம் வீட்டுக் கடனுக்கு ஆகாதாம்

நேற்று நான்காவது வங்கியும் கையை விரித்துவிட்டது. நான் இருப்பது யூரோ புழங்கும் நாட்டில், சம்பளம் வருவது டாலரில். இதுதான் என் குற்றம். ஏழு வருடமாக ஒரு மாதம்கூடத் தவறாத சம்பளம். அதில்தான் வாடகை கட்டுகிறேன், வரி கட்டுகிறேன். கேட்ட கடனுக்கான தவணை அந்த வாடகையைவிடக் குறைவு என்று காகிதம் போட்டுக் காட்டினேன். ரொம்பப் பரிவாகத் தலையாட்டினார்கள். அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நான் டாலரிலா கடன் கேட்டேன்? யூரோவில்தானே கேட்டேன்! ஆனால் வீட்டுக் கடனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் கொண்டுவந்த சட்டப்படி, வருமானம் வேறு நாணயத்தில் வந்தால் யூரோ கடனும் 'அந்நிய நாணயக் கடன்' கணக்கில் போய்விடும். நாணய மதிப்பு தாறுமாறாக ஆடினால் கடன் வாங்கியவன் தலையில் முழுச்சுமையும் விழாதபடி வங்கி ஒரு வழி செய்து தரவேண்டும். 20 சதவீதத்துக்கு மேல் ஆடினால் எச்சரிக்கவும் வேண்டும். 2008 நெருக்கடிக்குப் பிறகு சுவிஸ் ஃபிராங்க் ஏற ஏற, ஹங்கேரியிலும் போலந்திலும் ஃபிராங்கில் வீட்டுக் கடன் வாங்கிய குடும்பங்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் இந்தச் சட்டம் நியாயம்தான். மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு, கடனே தராமல் விட்டால் வேலை மிச்சம் என்று வங்கிகள் முடிவு கட்டிவிட்டன. என்னைக் காப்பாற்ற வந்த சட்டம் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

தருகிறோம் என்று சொன்ன இரண்டாவது வங்கி இன்னும் மோசம். 12 மாதச் சம்பளச் சீட்டுகளையும் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, தாளுக்குத் தாள் முத்திரை வாங்கிக்கொண்டு போனேன். ஒரு தாளில் முத்திரை சரியாகச் சம்பளத் தொகை மேலேயே விழுந்திருந்தது. அந்த அதிகாரி தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எண் தெளிவாக இல்லையே" என்றார். பக்கத்திலேயே அசல் இருக்கிறது ஐயா! அசல் செல்லாதாம், மொழிபெயர்ப்புதான் செல்லுமாம். சரி என்று அதையும் மாற்றி வாங்கி வந்தால், அதற்குள் வங்கிக் கணக்கு அறிக்கை மூன்று மாதம் தாண்டிப் பழசாகிவிட்டது.

எல்லாம் முடிந்ததும், டாலர் இறங்கலாம் என்று வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினார்கள். போனஸைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அப்புறம் என்ன, "வருமானம் போதவில்லை." டாலர் ஏறினால் கூட்டிக்கொள்வீர்களா என்று கேட்டேன். சிரித்தார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். நேற்று முடியாது என்றது எந்த வங்கி தெரியுமா? ஏழு வருடமாக மாதாமாதம் என் டாலரை யூரோவாக மாற்றிக் கொடுத்து அதற்குக் கமிஷன் பிடிக்கிற வங்கி. நம்ப முடியாத வருமானம் என்று அப்போது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.