தடை செய்யப்பட்ட படம் அல்ல

ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனின் ‘ராம் கே நாம்’ தணிக்கை வாரியத்தால் தடை செய்யப்பட்ட படம் என்றும், சட்டத்தை மீறித் திரையிடுவதே அவர் வழக்கம் என்றும் இங்கே ஒருவர் எழுதியிருப்பது உண்மைக்கு மாறானது. அயோத்தியில் ராமர் கோயில் கட்டக் கோரிய இயக்கத்தை நேரில் பதிவுசெய்த அந்தப் படம், எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற ‘யு’ சான்றிதழையும், சிறந்த புலனாய்வுப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. ஒளிபரப்ப மறுத்தது தூர்தர்ஷன். அந்த மறுப்பை அவர் நீதிமன்றத்தில் எதிர்த்து வென்றார்.

சட்டத்தை மீறியவர் என்ற சொல் எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது, ஏனெனில் இந்திய ஆவணப்பட இயக்குநர்களில் சட்டத்தின் வழியே இவ்வளவு பொறுமையாகப் போராடியவர்கள் அரிது. அணு ஆயுதங்களுக்கு எதிரான ‘வார் அண்ட் பீஸ்’ படத்தில் பல பகுதிகளை நீக்கத் தணிக்கை வாரியம் சொன்னபோது, ஒரு காட்சியையும் விட்டுக்கொடுக்காமல் வழக்காடி, 2003இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முழுப் படத்துக்கும் அனுமதி பெற்றார். ‘ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்’ படத்தைத் தூர்தர்ஷன் ஒளிபரப்ப வேண்டும் என்று 2006இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அவருடைய அரசியல் பார்வையோடு முரண்படுவோர் படங்களைப் பார்த்து முரண்படட்டும். நடக்காத தடையை ஆதாரமாகக் காட்ட வேண்டாம்.