தேதியை நான் மாற்றினால் அபராதம், அவர்கள் மாற்றினால் ஒரு மின்னஞ்சல்

கோடை விடுமுறைக்கு வெளிநாடு போகத் திட்டம் போடுவது ஜாலியான வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் வீட்டில் வேறு யாரோ உட்கார்ந்து டிக்கெட் போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வேறு யாரோ நான்தான். நான், கணவர், பிள்ளைகள் இரண்டு பேர், மாமியார் என்று ஐந்து பேர். சென்னையிலிருந்து சூரிக், அங்கிருந்து ரயிலில் பாரிஸ், பாரிசிலிருந்து சென்னை. கத்திரி வெயிலில் வேகாமல் மே மாதம் கொஞ்ச நாள் குளிர்ந்த காற்றை மூச்சில் இழுத்துவிட்டு வரலாம் என்ற சாதாரண ஆசைதான். அதற்கு இத்தனை பாடா?

முதலில் தேதி. விமான நிறுவனம் ஜனவரியிலேயே தேதியைக் கேட்கிறது, ஏனென்றால் ஜனவரியில் போட்டால்தான் விலை கொஞ்சம் மனிதத்தனமாக இருக்கும். ஆனால் பள்ளிக்கூடம் எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று ஜனவரியில் யாருக்குத் தெரியும்? 2023இல் ஜூன் 1 என்றார்கள், ஜூன் 7 ஆயிற்று, அப்புறம் வெயில் என்று ஜூன் 12 ஆயிற்று. 2024இல் ஜூன் 6 என்று சொல்லி ஜூன் 10க்குத் தள்ளினார்கள். வெயிலுக்காகத் தள்ளுவதை நான் குறை சொல்லவில்லை, பிள்ளைகள் பாவம்தான். ஆனால் பள்ளி தேதி மாறினால் கல்வித்துறை ஒரு அறிவிப்போடு முடித்துவிடுகிறது, அதற்காக நான் டிக்கெட் தேதியை மாற்றப் போனால் ஆளுக்கு ஒரு அபராதம், அதோடு 'கட்டண வித்தியாசம்' என்ற பெயரில் இன்னொரு அடி. ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்.

சரி, விலைக்கு வருவோம். காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை, ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு கார்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் இன்னொரு விலை. என் சித்தப்பா பையன் ஒருத்தன் இருக்கிறான், எல்லாம் தெரிந்தவன். "அக்கா, இன்காக்னிடோவில் பாரு, செவ்வாய்க்கிழமை ராத்திரி பாரு" என்று அறிவுரை சொல்லிக்கொண்டே இருக்கிறான். அதெல்லாம் வெறும் நம்பிக்கை தம்பி. நடப்பது வேறு. ஒரே எகானமி கேபினுக்குள், ஒரே மாதிரி சீட்டை, ஒரே மாதிரி சாப்பாட்டை ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை என்று அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மலிவான அடுக்கில் சில சீட்டுகள் மட்டும். அது தீர்ந்ததும் அடுத்த அடுக்கு திறக்கும். இதில் குடும்பமாகப் போகிறவர்களுக்கென்றே ஒரு அநியாயம் இருக்கிறது: மலிவு அடுக்கில் மூன்று சீட் மிச்சம் இருக்கும்போது ஐந்து பேருக்குத் தேடினால், மூன்று பேருக்கு மலிவு, இரண்டு பேருக்கு அதிகம் என்று காட்டாது. ஐந்து பேருக்கும் அதிக விலையையே காட்டும். ஒரு ஆளுக்குத் தேடிப் பார்த்தால்தான் இந்த வண்டவாளம் வெளியே வரும். சரி, மூன்றும் இரண்டுமாகப் பிரித்துப் போடலாமே என்றால் இரண்டு பிஎன்ஆர் ஆகிவிடும். நாளைக்கு விமானத்தில் ஏதாவது மாற்றம் வந்தால் மூன்று பேரை ஒரு விமானத்திலும் இரண்டு பேரை இன்னொன்றிலும் ஏற்றினாலும் ஏற்றுவார்கள். மாமியாரைத் தனியாக எந்த பிஎன்ஆரில் தள்ளுவது சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்குக் குறைவாக இருக்கும் என்று நினைப்பீர்கள். 12 வயது முடிந்தால் விமானக் கணக்கில் பெரிய ஆள், ஆகையால் என் பெரியவளுக்கு முழுக் கட்டணம். சின்னவனுக்குத் தள்ளுபடி உண்டுதான், ஆனால் அது அடிப்படைக் கட்டணத்தில் மட்டும். அதற்கு மேலே விமான நிறுவனமே போட்டுக்கொள்கிற 'சர்சார்ஜ்' இருக்கிறதே, அதில் சின்னவனுக்கும் பெரிய ஆளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த சர்சார்ஜை வரி போடுகிற இடத்தில் வரி மாதிரி வேஷம் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். டிக்கெட்டை ரத்து செய்யும்போதுதான் அது வரி இல்லை என்று தெரியும். அரசாங்க வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்பி வரும், அது வராது. ரத்துக் கட்டணத்துக்கு இந்தியாவில் உச்சவரம்பு ஒன்று உண்டு என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு படித்தேன். அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் சர்சார்ஜும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாதாம். அதாவது கிட்டத்தட்ட முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் என் கைக்காசைப் பிடுங்கக் கூடாது. ரொம்ப நன்றி.

இனி பெயர். இதில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. எங்கள் மாமியார் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர், சர்நேம் கட்டம் காலி. நம் ஊரில் எத்தனை லட்சம் பேருக்கு இப்படி இருக்கும்! கணவருக்கு அவர் அப்பா பெயர் சர்நேம். எனக்கும் பிள்ளைகளுக்கும் கணவர் பெயர் சர்நேம். ஆக ஒரே குடும்பத்தில் இரண்டு சர்நேம், ஒரு காலிக் கட்டம். சென்னையிலிருந்து ஆண்டாண்டாக ஆள் ஏற்றிக்கொண்டு போகிற நிறுவனத்துக்கு இது தெரியாதா? அந்தக் கட்டத்தை நிரப்பாமல் தளம் அடுத்த பக்கத்துக்கே விடாது. ஒரு நிறுவனம் அதே பெயரை இரண்டு தடவை போடு என்கிறது, இன்னொன்று 'எஃப்என்யு' என்று போடச் சொல்கிறது, அப்படியென்றால் முதல் பெயர் தெரியாது என்று அர்த்தமாம். மாமியாரிடம் சொன்னேன். "ஏம்மா, எழுபது வருஷமா இருக்கிற பேரு, அவனுக்குத் தெரியலையாமா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்ல?

சிரிப்பாக இருக்கும், ஆனால் விளையாட்டு இல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் விட மாட்டோம் என்று அறிவித்தது. அப்புறம் பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஒத்துக்கொள்வோம் என்று விளக்கம் வந்தது. இடைப்பட்ட நேரத்தில் டிக்கெட் போட்டுவிட்டு வயிற்றில் நெருப்போடு இருந்த குடும்பங்கள் எத்தனையோ. டிக்கெட்டில் இருக்கிற பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரும் ஒத்துப்போகாவிட்டால் கவுண்டரிலேயே நிறுத்துவோம் என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி போட அவர்கள் தளமே விடுவதில்லை. போட்ட பிறகு திருத்தக் கேட்டால் அதற்கும் கட்டணம்! அவர்கள் படிவத்தின் கோளாறுக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

விசா கதை தனி. சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் என்று ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்து ஒன்றாகக் கொடுக்கிற ஷெங்கன் விசாவுக்குப் போக வர விமான முன்பதிவு காட்ட வேண்டும். ஆனால் விசா கைக்கு வரும்வரை டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள் என்று தூதரகங்களே அறிவுரையும் சொல்கின்றன. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். அதனால்தான் ஊரில் 'டம்மி டிக்கெட்' என்று ஒரு வியாபாரமே நடக்கிறது. டிராவல்ஸ்காரரிடம் ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் கொஞ்ச நாள் உயிரோடு இருக்கும் ஒரு பிஎன்ஆர் எடுத்துத் தருவார். அது செத்துப்போவதற்குள் விண்ணப்ப மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பது விதி. ஆனால் கோடைக்கு முந்திய மாதங்களில் அந்தக் காலண்டரைத் திறந்து பாருங்கள், எல்லாக் கட்டமும் சாம்பல் நிறம். 2024 ஜூனிலிருந்து விசா கட்டணமே பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கிற பிள்ளைக்கு 45. யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிற காலத்தில் இது, நிராகரித்தால் திரும்ப வராத பணம். அதற்கு மேலே மையத்தின் சேவைக் கட்டணம், கூரியர், எஸ்எம்எஸ் என்று தனித்தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேறு. சின்னவன் பாஸ்போர்ட்டைப் பார்த்தால், ஐந்து வருஷ ஆயுள், முடியப் போகிறது. திரும்பி வரும் தேதிக்கு மேல் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பதால் அதையும் புதுப்பிக்க ஓடினோம்.

இத்தனையும் நடக்கிற நேரத்தில் டிக்கெட் விலை சும்மா இருக்குமா? ஏறிக்கொண்டே போகிறது. விசாவுக்குக் காத்திருந்தால் மேல் அடுக்குக்குப் போய்விடும், காத்திருக்காமல் வாங்கினால் விசா வராதபோது மொத்தமும் போய்விடும். இரண்டு பக்கமும் நஷ்டம் என்னுடையது மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். கணவர் ஒரு கட்டத்தில், "பேசாம மலேசியா போயிடலாம்மா, விசாவே வேண்டாம்" என்றார். நியாயமான யோசனைதான், 2023 டிசம்பரிலிருந்து நம் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா கேட்பதில்லை. ஆனால் பெரியவள் பனிமலை பார்க்க வேண்டும் என்று வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஆகவே வாங்கினோம். விசா வந்தது.

சாப்பாடு பற்றிச் சின்னதாக ஒன்று சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். 'ஹிந்து மீல்' என்று இருப்பதைப் பார்த்து சைவம் என்று நினைத்துப் பெரியவர்களுக்குப் போட்டுவிடாதீர்கள், அதில் கோழியோ ஆடோ வரும். மாட்டிறைச்சி இருக்காது, அவ்வளவுதான். சுத்த சைவம் வேண்டுமானால் 'ஏசியன் வெஜிடேரியன்' என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். அப்புறம் டப்பாவில் நெய் எடுத்துப் போகிற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுபோகத் தடை. பருப்புப் பொடி இருக்கிறது, நெய் இல்லை. மாமியார் இன்னும் இதை மன்னிக்கவில்லை.

இப்போது உச்சகட்டம். எல்லாம் முடித்து, ஹோட்டல், ரயில் எல்லாவற்றுக்கும் பணம் கட்டி, மூச்சு விடுகிற நேரத்தில் விமான நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல். 'உங்கள் பயணத் திட்டத்தில் சிறிய மாற்றம்.' சிறிய மாற்றம் என்ன தெரியுமா? போகும்போது நடுவில் விமானம் மாற இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது ஐம்பது நிமிஷம் ஆகிவிட்டது, சக்கர நாற்காலி கேட்டிருக்கிற மாமியாரோடு. திரும்பும்போது பாரிசிலிருந்து கிளம்புகிற விமானமே கிடையாது, மறுநாள் விமானத்தில் போட்டிருக்கிறார்கள். மறுநாள்! விசாவில் எத்தனை நாள் தங்கலாம் என்று எண்ணித்தான் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அந்த ஒரு நாளை யார் வீட்டிலிருந்து கொண்டு வருவது? பாரிசில் ஐந்து பேருக்கு இன்னொரு ராத்திரி அறை வாடகை யார் கொடுப்பது? கணவர் ஆபீஸில் இன்னொரு நாள் லீவு யார் கேட்பது? மின்னஞ்சலின் கீழே ஒரே ஒரு பொத்தான் பெரிதாக மினுக்குகிறது: 'ஏற்கிறேன்'. 'ஏற்கவில்லை' என்பது பக்கத்தின் அடியில், மங்கலான எழுத்தில், அரட்டைப் பெட்டி ஒன்றுக்குப் போகிறது. அந்த இயந்திரமோ என் பெயரைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது, முதல் பெயர், கடைசிப் பெயர்.

தொலைபேசியில் பிடித்தேன். முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு வந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான், அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. "மேடம், ஐம்பது நிமிஷம் எங்கள் விதிப்படி போதும்" என்றான். யாருக்குப் போதும்? "முந்தைய நாள் விமானத்துக்கு மாற்றினால் கட்டண வித்தியாசம் வரும் மேடம்" என்றான். விமானத்தை எடுத்தது நீங்கள், வித்தியாசம் நான் கொடுப்பதா? இதே நான் ஒரு மணி நேரம் முன்னே பின்னே கேட்டிருந்தால் விடுவார்களா?

அப்புறம்தான் உட்கார்ந்து விதிகளைத் தேடினேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 261/2004 என்று ஒரு சட்டம் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் எந்த நாட்டு நிறுவனத்தின் விமானத்துக்கும் அது செல்லும். விமானத்தை அவர்கள் ரத்து செய்தால் பணத்தைத் திருப்பி வாங்குவதா, மாற்று விமானமா என்பதைத் தேர்வு செய்கிற உரிமை பயணிக்கு. பாரிஸ் - சென்னை தூரத்துக்கு 600 யூரோ வரை நஷ்டஈடும் உண்டு, ஆனால் புறப்படுவதற்குப் பதினான்கு நாளுக்குள் சொன்னால்தான். அதுதான் இவ்வளவு முன்கூட்டியே அக்கறையாக மின்னஞ்சல் அனுப்புகிறார்கள்! நஷ்டஈடு போகட்டும், மாற்று விமானத்துக்கு வித்தியாசம் கேட்க அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் சென்னையிலிருந்து போகிற பாதிக்கு, ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் அந்தச் சட்டம். இது அப்படி இல்லை. ஒரே டிக்கெட், ஒரே பணம், திரும்பி வரும்போது நான் உரிமையுள்ள பயணி, போகும்போது யாரோ ஒருத்தி. நம் விதிகளிலோ, வெளிநாட்டு நிறுவனங்கள் அவரவர் நாட்டு விதிப்படி பணம் திருப்பித் தரலாம் என்று ஒரு வரி. யார் எழுதின வரியோ, எழுதினவர் மே மாதத்தில் குடும்பத்தோடு எங்கும் போனதில்லை போலிருக்கிறது.

'ஏற்கிறேன்' பொத்தானை நான் அழுத்தவில்லை, அழுத்தவும் போவதில்லை. அழுத்திவிட்டால் நானே சம்மதித்த மாதிரி ஆகிவிடும். சட்ட எண்ணைப் போட்டு எழுத்தில் கேட்டிருக்கிறேன், பாரிசிலிருந்து முதலில் போட்ட அதே நாளில் ஐந்து பேருக்கும் சீட், வேறு நிறுவனத்தின் விமானமானாலும் சரி, ஒரு ரூபாய் கூடக் கிடையாது. போகும் பாதிக்கு, முந்தைய விமானத்தில் ஏற்றி நடுவில் நாலு மணி நேரம் கொடுங்கள், உட்கார்ந்துகொள்கிறோம். பதில் வந்திருக்கிறது: 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், தயவுசெய்து எங்கள் சேவைக்கு மதிப்பெண் அளியுங்கள்.' அளித்தேன். பூஜ்யம் போட வசதி இல்லை, ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது.