தண்ணீரை யாரும் கேட்பதில்லை
பெங்களூருக்குக் குடிவருகிறவர்கள் நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்க்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரிதான், ஆனால் அதற்கும் முன்னால் தண்ணீர். 2024 கோடையில் ஒயிட்ஃபீல்டு பக்கம் இருந்தோம். போர்வெல் வற்றிப்போய், டேங்கர் ஹாரன் கேட்டால்தான் குளியல். அரிசி களைந்த தண்ணீரைக்கூட மாமியார் கொட்ட விடமாட்டார், துளசிக்குப் போகும். புரோக்கரிடம் கேட்டால் எல்லா வீட்டுக் குழாயிலும் காவிரித் தண்ணீர் ஓடும்! வாட்ச்மேனிடம் கேளுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை டேங்கர் என்று.

இப்போது பொம்மசந்திரா. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ வந்த பிறகு, சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டாமல் வீட்டுக்காரர் ஏழு மணிக்கே வந்துவிடுகிறார். ஊருக்குப் போக ஓசூரும் பக்கம். மழை பெய்த மறுநாள் தெருவில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிட்டு, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.